தாத்தாவின் பீடி, சித்தப்பாவின் புகையிலை: ஜீன் எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், மற்றவர்கள் படித்தாலும் புரிய வேண்டும். உங்கள் தாத்தா இருபது வயதில் பீடியைக் கையில் எடுத்தவர், 84 வயதில் போய்ச் சேரும்வரை விடவில்லை. புற்றுநோய் அவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய கடைசி மகன், உங்கள் சித்தப்பா, பீடி சிகரெட் தொடாதவர். பாக்கெட் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேலை பார்ப்பார். 46 வயதில் அவருக்கு வாய்ப் புற்றுநோய். ஒரே ரத்தம், ஏன் இப்படி என்கிறீர்கள். எச்சிலைக் கொடுத்தால் "நச்சு நீக்கும் ஜீன்" இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் பரிசோதனை விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. நல்ல ஜீன் என்று வந்தால், தினமும் நாலைந்து சிகரெட் பிடிக்கும் நீங்கள் பயப்படாமல் இருக்கலாமா என்பதுதான் கடைசிக் கேள்வி.

அந்தக் கடைசிக் கேள்விக்கு இப்போதே பதில்: இருக்க முடியாது. ஆனால் ஜீனில் வித்தியாசம் இருப்பது உண்மை. அது எங்கே இருக்கிறது, எவ்வளவு என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. சுமார் 70 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. இவற்றில் பல, உள்ளே போகும்போது டி.என்.ஏ-வைக் கடிப்பதில்லை. உடம்புதான் அவற்றுக்குப் பல் முளைக்க வைக்கிறது. பென்ஸோபைரீனை எடுத்துக்கொள்ளுங்கள். எதையாவது அரைகுறையாக எரித்தால் வரும் பொருள் இது. பீடியிலும் உண்டு, விறகடுப்புப் புகையிலும் உண்டு. எண்ணெய் மாதிரி, தண்ணீரில் கரையாது. கரையாததைச் சிறுநீரில் வெளியேற்ற முடியாது. எண்ணெய் தேய்த்த தலையில் வெறும் தண்ணீரை ஊற்றினால் வழிந்து ஓடிவிடும் இல்லையா, சீயக்காய் வேண்டும். உடம்பு செய்வதும் கிட்டத்தட்ட அதுதான், ஆனால் இரண்டு கட்டமாகச் செய்கிறது.

முதல் கட்டத்தில் சி.ஒய்.பி-1ஏ1 போன்ற நொதிகள் அந்த மூலக்கூறில் ஆக்சிஜனைச் செருகுகின்றன. சீயக்காய் ஒட்டுவதற்கு ஒரு பிடிமானம் போட்டுத் தருவது மாதிரி. இரண்டாம் கட்டத்தில் ஜி.எஸ்.டி என்ற நொதிக் குடும்பம் (கடை பில்லில் வரும் வரி இல்லை, குளூட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ்) அந்தப் பிடிமானத்தில் குளூட்டாதயோனை ஒட்டவைக்கிறது. பொருள் நீரில் கரைந்து வெளியே போய்விடும்.

சிக்கல் இந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவில். ஆக்சிஜன் ஏறி, குளூட்டாதயோன் இன்னும் ஒட்டாத அந்தச் சிறு இடைவெளியில் பென்ஸோபைரீன் 'டையால் எபாக்சைடு' என்ற வடிவத்தில் இருக்கிறது. அது எதிரில் கிடைத்ததில் ஒட்டிக்கொள்ளும் சுபாவம் உடையது, டி.என்.ஏ-வில் உள்ள குவானின் என்ற எழுத்து கிடைத்தால் அதிலும் ஒட்டும். பி53 என்று ஒரு மரபணு, செல் தறிகெட்டுப் பெருகாமல் காவல் காப்பது. அதில் 157, 248, 273 ஆகிய இடங்களில் இந்தப் பொருள் விரும்பி ஒட்டுவதாக 1996-ல் காட்டினார்கள். நுரையீரல் கட்டிகளில் பி53 அடிக்கடி பழுதாகிக் கிடப்பதும் இதே இடங்களில்தான். இன்னொரு வேடிக்கை, புகை வர வர நுரையீரல் சி.ஒய்.பி-1ஏ1 நொதியைக் கூடுதலாகத் தயாரிக்கும். அதனால் 'நச்சு நீக்கும் நொதி' என்ற பெயரே பாதிப் பொய். முதல் கட்ட ஆட்கள் நஞ்சைத் தயாரிப்பவர்களும்கூட.

இப்போது ஆளுக்கு ஆள் வித்தியாசம். முதல் கட்டம் வேகமாகவும் இரண்டாம் கட்டம் மந்தமாகவும் இருப்பவருக்கு ஆபத்து அதிகம் இருக்க வேண்டும் என்பது எளிய ஊகம். இரண்டாம் கட்டத்தில் எல்லோரும் பேசும் பெயர் ஜி.எஸ்.டி.எம்-1. முதலாம் குரோமோசோமில் இருக்கும் மரபணு. அதன் இரு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு நீளமான துண்டுகள் இருக்கின்றன. எப்போதோ ஒரு காலத்தில் அவை இடம் மாறி ஒட்டிக்கொண்டதில் நடுவிலிருந்த மரபணு முழுசாகக் கழன்று விழுந்துவிட்டது. அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் அந்தக் கழன்ற பிரதியே வந்தவருக்கு இந்த நொதி சுத்தமாகக் கிடையாது. ஐரோப்பியர்களில் பாதிப் பேர் இப்படித்தான். இந்தியர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர்வரை. 22-ஆம் குரோமோசோமில் உள்ள ஜி.எஸ்.டி.டி-1 மரபணுவிலும் இதே கதை.

எனக்கே ஜி.எஸ்.டி.எம்-1 கிடையாது. மாணவர்களுக்குப் பி.சி.ஆர் (ஒரு டி.என்.ஏ துண்டைப் பல பிரதி எடுக்கும் முறை) சொல்லிக்கொடுக்க இதைவிட வசதியான மரபணு இல்லை என்பதால், ஒரு வருடம் வகுப்பில் எல்லோருடைய கன்னத்தையும் உட்புறம் பஞ்சால் துடைத்து டி.என்.ஏ எடுத்தோம். ஜெல்லில் ஓடவிட்டுப் புற ஊதா வெளிச்சத்தில் வைத்தால் ஆரஞ்சு நிறத்தில் கோடுகள் மின்னும். 480 என்ற அளவில் (டி.என்.ஏ துண்டின் நீளம், எழுத்துக் கணக்கில்) ஒரு கோடு வந்தால் ஜி.எஸ்.டி.டி-1 இருக்கிறது. 215-ல் வந்தால் ஜி.எஸ்.டி.எம்-1 இருக்கிறது. நடுவில் 312-ல் ஒரு கோடு எல்லோருக்கும் வந்தே தீர வேண்டும். அதுவும் வரவில்லை என்றால் அந்த ஆளுக்கு மரபணு இல்லை என்று அர்த்தமில்லை, நம் சோதனை சொதப்பிவிட்டது என்று அர்த்தம். என் வரிசையில் 480 வந்தது, 312 வந்தது, 215-ல் இருட்டு. "சார்..." என்று ஒரு பையன் இரக்கத்தோடு பார்த்தான். (அந்தக் கோடுகளைக் காட்டும் சாயமே டி.என்.ஏ-வுக்குள் நுழைந்து உட்காரும் சாமான், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அவன் அதைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய கவலை.)

இந்தச் சோதனையில் இன்னொரு குறையும் உண்டு. 215-ல் கோடு வந்தால் ஒரு பிரதி இருக்கிறதா, இரண்டு இருக்கிறதா என்று தெரியாது. நீங்கள் பார்த்த விளம்பரத்தில் "இருக்கிறது, இல்லை" என்று மட்டும் சொல்வார்களானால் அதில் பாதித் தகவல்தான் இருக்கிறது.

ஜி.எஸ்.டி.எம்-1 இல்லாததால் என்ன ஆகும்? 1980-களின் நடுவில் சில விஞ்ஞானிகள், புகைபிடிக்கும் நுரையீரல் புற்றுநோயாளிகளில் இந்த நொதி இல்லாதவர்கள் அதிகம் என்று சொன்னார்கள். அதற்கு முன்பே, 1973-ல், அமெரிக்காவில் முதல் கட்ட நொதியை வைத்து இதே மாதிரி ஒரு பரபரப்பு நடந்திருந்தது. மற்றவர்கள் செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை. ஜி.எஸ்.டி.எம்-1 மீது அதற்கப்புறம் நூற்றுக்கணக்கான ஆய்வுகள். 1999-ல் வெற்றிலை, புகையிலை மெல்லும் இந்தியர்களின் வாயில் வரும் வெள்ளைத் திட்டு பற்றி ஓர் ஆய்வு வந்தது. நோயாளிகள் நூறு பேர் அளவில்தான். இந்த நொதிகள் இல்லாதவர்களுக்கு ஆபத்து பல மடங்கு என்று முடிவு வந்தது. படித்தால் யாருக்கும் அடிவயிறு கலங்கும்.

ஆனால் சிறிய ஆய்வில் வரும் பெரிய எண்ணைப் பார்த்தால் இந்தத் துறையில் பழகியவர்கள் முதலில் சந்தேகப்படுவார்கள். ஐம்பது பேர், நூறு பேரை வைத்துப் பத்து இடத்தில் செய்தால் தற்செயலாக ஒன்றிரண்டில் பெரிய எண் வரும். அதுதான் பத்திரிகையில் அச்சாகும், மற்றவை மேசை டிராயரில் தூங்கும். நுரையீரல் புற்றுநோய்க்கு எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தபோது, ஜி.எஸ்.டி.எம்-1 இல்லாதவர்களுக்குக் கூடுதல் ஆபத்து 10 முதல் 20 சதவீதம் என்ற அளவுக்கு இறங்கியது. பெரிய ஆய்வுகளை மட்டும் எடுத்தால் அதுவும் கரைந்து, கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்ற பக்கம் போகிறது. காரணம் யூகிக்க முடியாததில்லை. நுரையீரலில் அதிகம் வேலை செய்வது ஜி.எஸ்.டி.பி-1 என்ற இன்னொரு சகோதர நொதி. ஒருவர் லீவு போட்டால் பக்கத்து மேசைக்காரர் கோப்பைப் பார்த்துவிடுகிறார்.

இப்போது உங்கள் தாத்தாவைப் பார்ப்போம். பிரிட்டனில் 2000-ல் வெளியான கணக்கு இது: கடைசிவரை சிகரெட் பிடித்த ஆண்களில் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறப்பவர்கள் நூறில் சுமார் 16 பேர். பிடிக்காதவர்களில் நூறில் அரை ஆள்கூட இல்லை. இரண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஆபத்து பல மடங்கு ஏறியும், நூறில் 84 பேருக்கு அந்த வயதுக்குள் அந்தச் சாவு வரவில்லை. உங்கள் தாத்தா அந்த 84-ல் ஒருவர். அதற்கு அதிசய ஜீன் எதுவும் தேவையில்லை. ஊருக்கு ஊர் இப்படி ஒரு தாத்தா இருப்பார், அவரைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அவரோடு திண்ணையில் உட்கார்ந்து பீடி பிடித்து, அறுபதிலேயே மாரடைப்பிலும் இளைப்பிலும் போனவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை. பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வில், புகைபிடித்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாக இறந்தார்கள். அதில் புற்றுநோய் ஒரு பங்குதான்.

அதே கணக்கில் ஜீனை வையுங்கள். சும்மா ஒரு மனக்கணக்குக்காக, நொதி இல்லாததால் ஆபத்து 10 அல்லது 20 சதவீதம் கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். நூறில் 16 என்பது 18 அல்லது 19 ஆகும். புகைப்பதை 40 வயதில் விட்டவர்களுக்கு அந்த 16 எவ்வளவு ஆனது தெரியுமா? மூன்று. முப்பதில் விட்டவர்களுக்கு இரண்டுக்கும் கீழே. உங்களுக்கு எந்த எண்ணை மாற்றுவது லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் ஜீன் பேச்சே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் கதை வேறு. புகையில் அரோமாட்டிக் அமீன்கள் என்று புற்றுநோய் உண்டாக்கும் ஒரு கூட்டம் உண்டு. கல்லீரலில் நாட்-2 என்ற நொதி இவற்றில் அசிட்டைல் குழுவை ஒட்டி அடக்கிவிடும். நாட்-2 மந்தமாக உள்ளவர்களிடம் அடங்காத பங்கு சிறுநீரில் கலந்து, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தேங்கி நிற்கும். ஸ்பெயினில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 2005-ல் வந்த ஆய்வில், மந்த நாட்-2 உள்ளவர்களுக்கு ஆபத்து சுமார் 1.4 மடங்கு, அந்தக் கூடுதல் முக்கியமாகப் புகைபிடிப்பவர்களிடம்தான் தெரிந்தது. ஜி.எஸ்.டி.எம்-1 இல்லாதவர்களுக்கு 1.7 மடங்கு; இது புகைபிடிக்காதவர்களிடமும் தெரிந்தது. பிற்பாடு மரபணுத் தொகுதி முழுவதையும் அலசிய பெரிய ஆய்விலும் இந்த இரண்டும் நின்றன. எனக்கு 215-ல் இருட்டு என்றேனே, நான் யோசிக்க வேண்டியது நுரையீரலைவிடச் சிறுநீர்ப்பையைப் பற்றித்தான்.

நாட்-2 என்றதும் சென்னையைச் சொல்லாமல் போக முடியாது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று இருப்பது, 1956-ல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் மாத்திரையை உடைப்பதும் இதே நாட்-2 நொதிதான். 1960-களின் தொடக்கத்திலேயே அங்கே நோயாளிகளைச் சோதித்து, தென்னிந்தியர்களில் ஏறக்குறைய அறுபது சதவீதம் பேர் இந்த மருந்தை மெதுவாக உடைப்பவர்கள் என்று கண்டுபிடித்தார்கள். ஜப்பானியர்களில் இது பத்தில் ஒருவர் அளவுதான். மெதுவாக உடைப்பவர்களுக்கு மருந்து உடம்பில் தங்கி, கை கால் மதமதப்பு அதிகம் வரும்; அதைத் தடுக்கத்தான் இன்றைக்கும் பி-6 மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆக நம்மில் பாதிக்கு மேல் இருப்பவர்கள் 'மந்த நாட்-2' கோஷ்டி. பெரும்பான்மைக்கு இருப்பதைக் குறை என்று சொல்லி ஒரு ரிப்போர்ட் விற்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கிறது.

நுரையீரல் புற்றுநோயில் மரபணு பலமாகப் பேசுவது எங்கே என்று பார்த்தால், இடம் ஆச்சரியமானது. 2008-ல் மூன்று குழுக்கள் தனித்தனியாகத் தேடி ஒரே இடத்தில் வந்து நின்றன: 15-ஆம் குரோமோசோமில், நிக்கோட்டின் வந்து ஒட்டும் ஏற்பிகளின் மரபணுக்கள். அங்கே வரும் ஒரு சிறு மாற்றம் ஒரு பிரதி இருந்தால் ஆபத்து சுமார் 30 சதவீதம் கூடும். காரணத்தில் பெரிய பங்கு, அந்த ஆட்கள் கூடுதலாகவும் ஆழமாகவும் இழுப்பது. நிக்கோட்டினை உடைக்கும் சி.ஒய்.பி-2ஏ6 நொதியும் இப்படித்தான். அது மந்தமாக உள்ளவருக்கு ஒரு சிகரெட்டின் நிக்கோட்டின் நீண்ட நேரம் தாங்கும். அடுத்ததைத் தேடி ஓட வேண்டியதில்லை. விடுவதும் கொஞ்சம் சுலபம். அதே நொதிதான் புகையிலைக்கே உரிய நைட்ரோசமீன்கள் என்ற புற்றுநோய்ப் பொருட்களைத் தூண்டிவிடுவதிலும் பங்கெடுக்கிறது. அது மந்தமாக இருந்தால் இரட்டை லாபம். இங்கே நச்சு நீக்கும் நொதி சோம்பேறியாக இருப்பதுதான் நல்லது என்பதைக் கவனியுங்கள்.

முட்டைக்கோஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகுக் குடும்பத்தில் ஐசோதயோசயனேட் என்ற காரமான பொருட்கள் உண்டு. நுரையீரலுக்கு இவை நல்லது செய்யலாம் என்று ஊகம். இவற்றை உடம்பிலிருந்து வெளியேற்றுவது யார்? அதே ஜி.எஸ்.டி. அப்படியென்றால் ஜி.எஸ்.டி இல்லாதவரிடம் கோஸின் நன்மை அதிக நேரம் தங்க வேண்டும். போலந்து, ரஷ்யா, ஹங்கேரி உள்ளிட்ட ஆறு நாடுகளில் பார்த்து 2005-ல் வெளியிட்டார்கள். வாரந்தோறும் கோஸ் வகை சாப்பிடுகிறவர்களில், இரண்டு ஜி.எஸ்.டி-யும் இல்லாதவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கணிசமாகக் குறைவு. இரண்டும் இருந்தவர்களிடம் அந்த நன்மை தெரியவில்லை. விளம்பரக்காரர் 'கெட்ட ஜீன்' என்று சிவப்பில் அச்சடிப்பது, கோஸ் பொரியல் தட்டில் விழுந்தால் நல்ல ஜீன் ஆகிவிடுகிறது. இதை நம்பிக் கோஸ் மாத்திரை வாங்கிவிடாதீர்கள். 1990-களில் பின்லாந்திலும் அமெரிக்காவிலும் புகைபிடிப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாகக் கூடியது.

சரி, சித்தப்பா. தாத்தாவின் நோய் வராததையும் சித்தப்பாவின் நோயையும் ஒரே தராசில் வைக்க முடியாது. புகை வேறு, மெல்லும் புகையிலை வேறு. மெல்லும்போது நைட்ரோசமீன்கள் ஒரே இடத்துச் சதையில் மணிக்கணக்கில் ஊறுகின்றன. சுண்ணாம்பு சேர்ந்தால் காரத்தன்மை ஏறி நிக்கோட்டின் வேகமாக உள்ளே இறங்கும், சதையும் புண்ணாகும். பாக்கு கலந்திருந்தால் அது தனியாகவே புற்றுநோய்க் காரணி. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கையும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கட்டி வந்த இடத்தையும் அவர் புகையிலையை அடக்கும் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். கல்லீரல் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் கன்னத்துக்கு வந்து கழுவித் தராது.

பரிசோதனைக்கு வருகிறேன். எடுத்தால் தவறில்லை, பணம்தான் போகும். ஆனால் "உங்கள் ஜீன் இப்படி" என்று சொன்னதால் ஆட்கள் புகையை விட்டார்களா என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் பார்த்தபோது, பழக்கம் மாறியதாகத் தெரியவில்லை. கெட்டது என்று வந்தால் "விதி" என்பார்கள், நல்லது என்று வந்தால் இன்னொன்று பற்றவைப்பார்கள். நீங்களே இரண்டாவதைக் கேட்டுவிட்டீர்கள்.

அதற்குப் பதிலாக ஒரு டார்ச் லைட் எடுங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் 13 பஞ்சாயத்துகளில் ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் சில பஞ்சாயத்துகளில் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்தது. உங்கள் வீட்டில் மெல்லுகிற மற்றவர்களை, சித்தப்பாவின் மகனும் மெல்லுவார் என்றால் அவரையும், வெளிச்சத்தில் உட்காரவைத்து உதட்டை மடக்கி, கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் இருந்தால் பல் மருத்துவரிடமோ காது மூக்குத் தொண்டை மருத்துவரிடமோ காட்டுங்கள். வலி இல்லை என்பதால் தள்ளிப்போட வேண்டாம், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அப்புறம், அவருடைய மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி அவர் வாய்க்குள் விடச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்களுடைய நாலைந்து சிகரெட்டுக்கு, 1800-11-2356 என்பது அரசின் இலவச எண். நிக்கோட்டின் சூயிங்கம் எப்படி மெல்ல வேண்டும் என்பதிலிருந்து எல்லாம் கேட்கலாம். நிறைய பேர் அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று விழுங்கிவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். கொஞ்சம் மென்று, சுறுசுறுவென்று வந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும்.